மூடியைத் திறவாதீர்

கால்காவிலிருந்து சிம்லாவுக்கு மோட்டாரில் சென்றபோது, வழியில் எஞ்சின் அளவுமீறிச் சூடேறிற்று. உடன்வந்த நண்பர் ரேடியேட்டரின் மூடியைத் திருகப் போனார். ஓட்டுநர் பாய்ந்து அவர் கையைத் தடுத்தார். காரணம் யாது?

சிம்லாவின் உயரத்தில், திறந்த பாத்திரத்து நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் வில்சுருளோ அழுத்தத்தை உள்ளே அடக்குவதால், நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிப்பதில்லை. அழுத்தம் மிஞ்சினால் ஒரு வால்வு திறந்து, விரிந்த நீரைப் பக்கத்துக் கலத்துக்கு அனுப்புகிறது. எஞ்சின் ஆறியதும் மற்றொரு வால்வு அதனைத் திரும்ப வரவழைக்கிறது.

சூட்டில் மூடியைத் திறந்தால், அடங்கியிருந்த நீர் நொடியில் ஆவியாய்ச் சீறி, முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். ஆகவே, எஞ்சின் நன்கு ஆறும்வரை பொறுத்திருங்கள். பிறகு கலத்தின் இரு கோடுகளுக்கிடையே நீர் நிற்கிறதா என்று பாருங்கள். அன்று நண்பரின் முகத்தைக் காத்தது அந்தப் பொறுமையே.