சர்க்கார் டெண்டரும் தையல் கூலியும்

(ஆலங்காயத்தில் காலணித் தையல் தொழிலாளர்கள் மத்தியில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



நாமே ஒரு சங்கமாகச் சேர்ந்து சர்க்கார் ஆர்டருக்கு டெண்டர் போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் டெண்டரை எப்படி எழுதுவது என்பதோடு, எதைப் பறிகொடுத்து அதை ஜெயிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே பேசியாக வேண்டும்.

இந்தக் கேள்வி சும்மா எழவில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஏற்றுமதிக் கம்பெனிகள் ஷூ செய்கின்றன. அந்த ஷூவின் அப்பர் மூட்டை கட்டி நம் வட்டார வீட்டுத் திண்ணைகளுக்கு வருகிறது. ஏஜெண்டு கொண்டு வருகிறார். தைத்து முடித்ததும் அவரே எடுத்துப் போகிறார். ஜோடிக்கு இவ்வளவு என்று அவர் சொல்வதுதான் கூலி. கடல் கடந்த நாட்டில் ஆர்டர் குறைந்தால் இங்கே மூட்டை வராது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது 50 சதவீத வரி விதித்தபோது இந்தத் தோல் வட்டாரம் பட்ட கவலையை நீங்கள் அறிவீர்கள். ஆகவே உள்நாட்டிலேயே நிலையான ஒரு கிராக்கி வேண்டும் என்று நினைப்பது நியாயமே.

சர்க்காரை விடப் பெரிய கிராக்கி யார்? பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி வாங்கப் பாடநூல் கழகம் டெண்டர் விடுகிறது. துறைகளும் உள்ளாட்சிகளும் கையுறை, பெல்ட், பை, பூட்ஸ் என்று வாங்குகின்றன. பள்ளிக் காலணி டெண்டர் லட்சக்கணக்கான ஜோடிகளுக்கானது. ஷூ என்றால் சோல் ஒட்டும் இயந்திரமும் வேண்டும். புதுச் சங்கம் எடுத்த எடுப்பில் அங்கே கை வைக்க முடியாது. வெட்டும் கையும் தையல் மெஷினும் போதுமான சிறு சாமான்களில் தொடங்குவதே புத்தி.

முதல் உறை

தமிழ்நாட்டில் சர்க்கார் கொள்முதலுக்கு 1998-ல் ஒரு சட்டம் வந்தது. 2000-ல் அதற்கு விதிகள் வந்தன. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் என்று அதற்குப் பெயர். அந்த விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையுள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். 15 நாள் என்பது தயாராக இருப்பவனுக்குத்தான் அவகாசம். அறிவிப்பைப் பார்த்த பிறகு சான்றிதழுக்கு அலையத் தொடங்குபவனுக்கு அது போதாது.

பல டெண்டர்களில் இரண்டு உறைகள் உண்டு. இன்று கணினி வழியாக அனுப்பினாலும் முறை அதுதான். முதல் உறையில் தகுதிக் காகிதங்கள், இரண்டாவதில் விலை. முதல் உறையில் தவறியவனின் இரண்டாம் உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். சிறு உழைப்பாளி பெரும்பாலும் தோற்பது இங்கேதான். அவன் சரக்கு மட்டமில்லை, விலை அதிகமில்லை. கேட்ட ஒரு காகிதம் உள்ளே இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே டெண்டர் புத்தகம் கைக்கு வந்ததும் ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் அவர்கள் விதித்த நிபந்தனைகளை ஒன்று விடாமல் எழுதுங்கள். வலது பக்கம் அதை நிரூபிக்கும் காகிதத்தை எழுதுங்கள்: சங்கப் பதிவு, வரிப் பதிவு, வரவு செலவுக் கணக்கு, முன்பு செய்த வேலைக்கான சான்று, சரக்கின் பரிசோதனை அறிக்கை. வலது பக்கம் காலியாக உள்ள இடம்தான் நீங்கள் தோற்கப் போகும் இடம். தோலைப் பரிசோதிக்கச் சென்னை அடையாறில் 1948-ல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கையெழுத்துக்கு மின்னணுக் கையொப்பம் வேண்டும். இவற்றை இப்போதே சேகரித்து வைக்க வேண்டும்.

சிறு தொழில் என்று உத்யம் பதிவு செய்துகொள்வதும் அவசியம். மத்திய சர்க்காரின் 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் உத்தரவு சிறு, குறு தொழில்களுக்கு முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு தருகிறது. மத்தியத் துறைகள் வாங்குவதில் 25 சதவீதம் இவர்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று 2018-ல் உயர்த்தப்பட்டது. மாநில டெண்டரில் என்ன சலுகை என்பதை அந்தந்த டெண்டர் புத்தகத்தில் தேடிப் படிக்க வேண்டும்.

நிபந்தனை அநியாயமாகத் தெரிந்தால், அல்லது புரியாவிட்டால், டெண்டருக்கு முன்பு நடக்கும் கூட்டத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். காலம் கடந்து முணுமுணுப்பதில் பயனில்லை. முடிவில் குறை இருந்தால் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் சர்க்காரிடம் மேல்முறையீடு செய்யச் சட்டம் இடம் தருகிறது.

இரண்டாம் உறை

இனி விலைக்கு வருவோம். தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை எழுதியவருக்கே ஆர்டர் என்பது பொது விதி. எங்கே குறைப்பது? கண்டிராக்டர்கள் பலர் கண்ணை மூடிக்கொண்டு கூலியில்தான் கை வைக்கிறார்கள். தோல் வியாபாரி விலையைக் குறைக்க மாட்டான். நூல்காரன் குறைக்க மாட்டான். வீட்டில் உட்கார்ந்து தைக்கும் பெண்தான் எதிர்த்துப் பேச மாட்டாள் என்று எண்ணுகிறார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு ஜோடிக் கையுறை தைக்க 20 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மணி நேரத்தில் 24 ஜோடி. நாள் கூலி 480 ரூபாய் வேண்டுமானால் ஜோடிக்கு 20 ரூபாய். டெண்டரில் ஜோடிக்கு 2 ரூபாய் குறைத்து எழுதினால் பார்வைக்கு அது சில்லறை. ஆனால் நாள் கூலியில் 48 ரூபாய் போய்விட்டது! அந்தச் சில்லறையை எழுதியது நம் சொந்தச் சங்கமே என்றால், ஏஜெண்டுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே விலை எழுதும்போது முதல் வரியில் கூலி. அது சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. அதன் பிறகு தோல், நூல், மின்சாரம், வண்டிச் சத்தம், பரிசோதனைச் செலவு, வரி, கழிவு. மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன. தோலை வெட்டுவதில் வீணாவதைக் குறைக்கலாம். மொத்தமாக வாங்கலாம். ஏஜெண்டு கமிஷன் நமக்கு இல்லை. அதுவே நம் பலம்.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்லும். 10,000 ஜோடியை 25 வேலை நாளில் தருவதாக எழுதினால் நாள்தோறும் 17 பேர் தைக்க வேண்டும். 12 பேரை வைத்துக்கொண்டு அப்படி எழுதினால் தாமத அபராதம் கூலியைத் தின்றுவிடும்.

பணம் எப்போது வரும்? சிறு தொழில்களிடம் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் வட்டி தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த 45 நாள் வரை கூலி கொடுக்கக் கையில் முதல் இல்லாமல் டெண்டரில் இறங்காதீர்கள்.

சங்கத்தால் முடியுமா?

சத்துணவுப் பிள்ளைகளின் சீருடையை நம் மாநிலத்தில் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. கேரளத்தில் வடகரை அருகே ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் 1925-ல் தோன்றியது. வாக்படானந்தரின் சீர்திருத்தத்தைப் பின்பற்றியதற்காக வேலை மறுக்கப்பட்ட கூலிக்காரர்கள் கூடி அமைத்தது அது. சிறு வேலைகளில் தொடங்கிய அச்சங்கம், காசர்கோடு மாவட்டத்தில் தலப்பாடி – செங்களை தேசிய நெடுஞ்சாலைப் பகுதியைப் பெரிய கம்பெனிகளோடு போட்டியிட்டு டெண்டரில் எடுத்தது. ஒரே நாளில் வந்த வெற்றியல்ல. நூறு வருஷக் கணக்குப் புத்தகம் பேசியது.

நாம் மட்டும் நியாயக் கூலி எழுதி, பக்கத்துக் கண்டிராக்டர் பாதிக் கூலி எழுதினால் என்ன செய்வது? அந்த டெண்டரைத் தோற்பதே மேல். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. சர்க்கார் வேலை செய்யும் கண்டிராக்டர் அந்த வட்டாரத்தில் அந்தத் தொழிலுக்கு உள்ள கூலிக்குக் குறையாமல் தர வேண்டும் என்று 1949-லேயே சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 94-ஆம் உடன்பாட்டை நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்றுக் கையொப்பமிடவில்லை. ஒவ்வொரு டெண்டர் புத்தகத்திலும் கூலி நிபந்தனை வேண்டும், பெரிய டெண்டரை மாவட்டவாரியாகப் பிரித்து விட வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையும் நாம் எழுப்ப வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் வாங்கும் சரக்கு பட்டினிக் கூலியில் தைத்ததாக இருக்கலாமா?

இன்றே செய்ய வேண்டியது இதுதான்: சங்கத்தைப் பதிவு செய்யுங்கள், காகிதங்களைச் சேருங்கள், ஒரு ஜோடிக்கு எத்தனை நிமிஷம் என்று கடிகாரம் வைத்துப் பார்த்து எழுதுங்கள். தைக்கிற கையே விலையையும் எழுதட்டும்!