பூச்சிக்கும் உண்டு மூலப் பத்திரம்



உரம், விதை நேர்த்தி, பருவம் என்றுதான் இந்த நேரத்தில் பேசுவது வழக்கம். இன்றைக்கு, பெட்டிக்குள் ஊசியில் குத்தி வைத்திருக்கிற செத்த பூச்சியைப் பற்றிப் பேசப் போகிறேன். "உயிரோட இருக்கிற பூச்சிதானே வெள்ளாமையைத் தின்னுது, செத்ததைப் பத்தி நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நிலம் வாங்கப் போனால் முதலில் என்ன கேட்கிறோம்? மூலப் பத்திரம் எங்கே என்றுதானே? பட்டா இருக்கலாம், சிட்டா இருக்கலாம். ஆனாலும் வில்லங்கம் என்று வந்துவிட்டால் மூலப் பத்திரத்தைத்தான் தேடி எடுக்க வேண்டும். பூச்சியின் பெயருக்கும் அப்படி ஒரு பத்திரம் உண்டு. ஒரு விஞ்ஞானி புதுப் பூச்சிக்கு முதன்முதலாகப் பெயர் வைக்கும்போது, அவர் கையில் இருந்த அந்தப் பூச்சியையே பத்திரப்படுத்தி வைப்பார்கள். அதற்கு மூல மாதிரி என்று பெயர். இந்தப் பெயர் எந்தப் பூச்சிக்குச் சொந்தம் என்று தகராறு வந்தால், அந்த மாதிரியை எடுத்துப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

நம் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு உங்களுக்குத் தெரியும். நீல நிறமும் சிவப்புமாக, பார்த்தால் எறும்பு மாதிரியே இருக்கும். அது துளைத்த கிழங்கு கசந்துபோகும், மாடுகூட முகர்ந்துவிட்டு ஒதுங்கும். அந்த வண்டுக்கு 1798-இல் பெயர் வைத்தவர் டென்மார்க் நாட்டில் பிறந்த பாப்ரிசியஸ் என்ற பேராசிரியர். எறும்பு போன்றது என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். வண்டு கிடைத்த இடம் என்று அவர் புத்தகத்தில் எழுதியிருப்பது நம்முடைய தரங்கம்பாடி!

தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டென்மார்க்காரர்கள் வசம் இருந்தது. அங்கே வந்த மருத்துவர்களும் பாதிரிமார்களும் பட்டாளத்து அதிகாரிகளும் பூச்சி, செடி, சிப்பி என்று சேகரித்துக் கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். கேனிக் என்ற மருத்துவர் 1768-இல் வந்தவர். அவருக்குப் பின் டால்டார்ப் என்ற அதிகாரி. கெண்டை மீன் பனைமரத்தில் ஏறியதை 1791-இல் பார்த்தேன் என்று லண்டன் சங்கத்துக்கு எழுதியவர் இவர்தான். நம்மவர்கள் அந்த மீனைப் பனையேறிக் கெண்டை என்றுதான் சொல்கிறார்கள். அது நிஜமாகவே ஏறுமா என்ற விவாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

பாப்ரிசியஸ் ஏறக்குறைய பத்தாயிரம் பூச்சிகளுக்குப் பெயர் வைத்தார். எல்லாம் அவர் வீட்டில் இருந்தவை என்று நினைக்காதீர்கள். லண்டனுக்குப் போவார், பாரிசுக்குப் போவார், கோபன்ஹேகனுக்குப் போவார். அங்கே பணக்காரர்களும் ஆர்வலர்களும் சேர்த்து வைத்த பெட்டிகளைத் திறந்து பார்ப்பார், நாலு வரி எழுதிக்கொள்வார், வந்துவிடுவார். இதுதான் மூலம் என்று பூச்சியின் மேல் குறி வைக்கிற வழக்கம் அந்தக் காலத்தில் கிடையாது. 1808-இல் அவர் காலமானார். அந்தப் பெட்டிகளெல்லாம் பாகப்பிரிவினை ஆன சொத்து மாதிரி கை மாறிப் போயின.

பிற்காலத்தில் அதைத் தேடிப் பிடிப்பது லேசான வேலையாக இல்லை. புத்தகத்தில் ஒவ்வொரு பூச்சிக்கும் கடைசியில் ஊர்ப் பெயரும், யாருடைய பெட்டியில் பார்த்தேன் என்ற குறிப்பும் சுருக்கமாக இருக்கும். அதுதான் துப்பு. பேங்க்ஸ் என்று எழுதியிருந்தால் இன்று லண்டன் அருங்காட்சியகத்தில் தேட வேண்டும். ஹண்டர் என்றிருந்தால் கிளாஸ்கோ நகரம். லுண்ட் என்றிருந்தால் கோபன்ஹேகன். பாப்ரிசியஸ் சொந்தமாக வைத்திருந்தவை கீல் நகரத்தில் இருந்து பின்னால் கோபன்ஹேகனுக்கே வந்து சேர்ந்தன. பெட்டியைத் திறந்தபின் துண்டுச் சீட்டின் கையெழுத்தைப் பார்க்க வேண்டும், நிறமும் அளவும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். சில இடத்தில் ஊசி மட்டும் நிற்கும், பூச்சியைக் காணோம். சில இடத்தில் ஒரே பெயரின் கீழ் இரண்டு சாதிப் பூச்சி இருக்கும். எல்லா என்ட்டமாலஜிக்காரர்களும் நன்றி சொல்ல வேண்டிய ஒரு அம்மாள் எல்லா சிம்சென். பாப்ரிசியஸ் பெயரிட்ட பூச்சிகளில் எது எந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு, 1964-இல் பெரிய புத்தகமாகவே வெளியிட்டார். வில்லங்கச் சான்று எடுத்த மாதிரிதான்!

இதனால் நம் வயலுக்கு என்ன? அமெரிக்காவிலும் இந்தக் கூன்வண்டு உண்டு. 1875-இல் அங்கே அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். பிற்பாடு இரண்டும் ஒரே சாதி என்று முடிவாயிற்று. 1986-இல் அமெரிக்காவில் பெண் வண்டின் வாசனைப் பொருளைக் கண்டுபிடித்தபோது, அதை வைத்துச் செய்த இனக்கவர்ச்சிப் பொறி நம் ஊர் ஆண் வண்டையும் இழுத்தது. சாதி ஒன்று என்பதால் அந்தப் பலன்.

பெயர் தப்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கென்யா நாட்டுக் காப்பித் தோட்டம் சாட்சி. 1920-களில் அங்கே மாவுப்பூச்சி வந்து காப்பியைப் பாழாக்கியது. அதை ஆசியாவில் இருக்கும் ஒரு மாவுப்பூச்சி என்று நினைத்து, வெளிநாடுகளிலிருந்து எதிரிப் பூச்சிகளை வரவழைத்து விட்டார்கள். வருஷங்கள் போயின, பணம் போனது, ஒன்றும் பிடிக்கவில்லை. 1935-இல் லெ பெல்லி என்பவர் நுணுகிப் பார்த்து, இது தனிச் சாதி என்று புதுப் பெயர் கொடுத்தார். அதன் பூர்வீகம் பக்கத்திலேயே உகாண்டா! அங்கிருந்து 1938-இல் ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் காப்பி தலையெடுத்தது.

குச்சிக்கிழங்கு போடும் சேலம், நாமக்கல், தருமபுரிக்காரர்களுக்கு இதில் சொந்த அனுபவமே உண்டு. மரவள்ளி மாவுப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவைப் பிடித்தது. 1977-இல் அதற்குப் பெயர் வைத்தவர் பாரிஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஒரு அம்மையார். பூர்வீகம் தென் அமெரிக்காவாக இருக்கும் என்று தேடிப் போனவர்கள் முதலில் பிடித்தது, அதே மாதிரி இருந்த வேறொரு சாதி. அதன் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியைச் சீண்டவே இல்லை. நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அசல் பூச்சி 1981-இல் பராகுவே நாட்டில் அகப்பட்டது. அதை அழிக்கிற குளவிக்கு 1964-லேயே அர்ஜென்டினாவில் டி சாந்திஸ் என்பவர் பெயர் வைத்திருந்தார். 1981-இல் நைஜீரியாவில் விட்டார்கள், பல நாடுகளில் மரவள்ளி பிழைத்தது. 2020-இல் அந்த மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டு நம் பக்கமும் பரவியபோது, சாதி எது என்று உடனே தெரிந்ததால் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பெங்களூர் நிலையத்தார் ஆப்பிரிக்காவிலிருந்து அதே குளவியைத் தருவித்தார்கள். 2022-இல் சேலம் மாவட்டத்தில் அதை விட ஆரம்பித்தார்கள். அதே குளவி இருக்கிற தோட்டத்தில் கண்ட மருந்தை அடித்தால் குளவிதான் முதலில் சாகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த மூல மாதிரிகள் நெருப்புக்கும் குண்டுக்கும் தப்புவதில்லை. 1943-இல் ஹாம்பர்க் அருங்காட்சியகம் குண்டுவீச்சில் எரிந்தது. 2018-இல் பிரேசில் நாட்டுத் தேசிய அருங்காட்சியகம் தீப்பற்றி, லட்சக்கணக்கான பூச்சிகள் சாம்பலாயின. மூலம் தொலைந்து, பெயரிலும் குழப்பம் வந்தால், முதலில் பிடித்த ஊரிலிருந்தோ கூடுமானவரை அதற்குப் பக்கத்திலிருந்தோ புதிதாக ஒரு பூச்சியைப் பிடித்து அந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே தரங்கம்பாடி வட்டாரத்து வயலில் ஓடுகிற பூச்சிக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு.

உங்கள் வயலில் புதிதாக ஏதாவது தென்பட்டால் நசுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், அடையாளம் காண முடியாது. வண்டாக இருந்தால் பஞ்சு வைத்த தீப்பெட்டி போதும். புழு, மாவுப்பூச்சி என்றால் ஸ்பிரிட் ஊற்றிய சின்னப் புட்டி. மாவுப்பூச்சி பிடித்த குச்சியை உயிரோடு அடுத்த ஊருக்குக் கொண்டுபோனால் நாமே பரப்பியதாகும். கூடவே ஒரு சீட்டு. ஊர், வட்டம், தேதி, பயிர், இலையிலா தண்டிலா கிழங்கிலா என்ற விவரம் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். பக்கத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுத்தால் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும். அங்கே பெட்டிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பெயர் சொல்லுவார்கள்.