பச்சைத் தலையும் நீலத் தலையும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். வீட்டு வேலைதான் என் வேலை. போன மாசக் கூட்டத்தில் தலைவி அக்கா, "அந்த நெட்டு வயர் கதைய விழாவுல சொல்லுட்டி, எல்லாருக்கும் பிரயோஜனமா இருக்கும்" என்றார்கள். "யக்கா, அது நான் பண்ணின தப்பப் பத்தின கதையில்லா?" என்றேன். "அதனாலதான் சொல்லச் சொல்லுதேன்" என்றார்கள். அதான் வந்து நிற்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் செங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். எங்கள் குழுவில் 12 பேர். அதில் நாலு பேர் சேர்ந்து, வங்கிக் கடனில் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கி, என் வீட்டு முன்னறையில் வைத்திருக்கிறோம். கரண்ட் பில் கட்டுவது, பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போடுவது, ஜெராக்ஸ் எடுப்பது, இதுதான் தொழில். அதற்காக ஃபைபர் நெட் இணைப்பும் எடுத்தோம்.

போன வருஷம் புரட்டாசியில் ஓடு ஒழுக ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் நனைந்துவிடுமே என்று மேஜையை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். நெட்டுப் பெட்டியையும் மாற்ற வேண்டும். சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிசு வயர் எட்டவில்லை. நான் டவுனுக்குப் போய், "இதே மாதிரி, கொஞ்சம் நீளமா" என்று கேட்டு ஒன்று வாங்கி வந்தேன். பழைய வயரின் தலை பச்சை. புதுசின் தலை நீலம். நிறத்தில் என்ன இருக்கு, சேலையா எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். பழையதைப் பிடுங்கினேன். புதுசின் முனையில் வெள்ளையாக ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. தூசி இருக்குமே என்று வாயால் ஊதி, முந்தானையால் நன்றாகத் துடைத்து, சொருகினேன். 'டிக்' என்று பிடித்தது. நெட்டும் வந்தது. எனக்கு ஒரே பெருமை.

அன்றிலிருந்து நெட் மெதுவானது. சாயங்காலத்தில் நின்று நின்று வரும். மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

ஐப்பசியில் ஒரு நாள். எங்கள் குழுவிலேயே பீடி சுற்றும் அக்கா ஒருத்தி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கல்லூரியில் படிக்கும் பிள்ளை. உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட அன்றுதான் கடைசி நாள். கம்ப்யூட்டரைப் போட்டால் நெட் இல்லை. பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதின இடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. புகார் சொன்னோம், நாளைக்கு ஆள் வரும் என்றார்கள். செல்போனில் அந்த மழைக்கு ஒரு கோடுதான் காட்டியது. எல்லாம் பார்த்துவிட்டு, ராத்திரி பஸ்ஸில் அவர்கள் செங்கோட்டை போய்ச் சேர்ந்தபோது கடைகள் அடைத்தாச்சு.

அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுவாரம் கம்மலை அடகு வைத்துப் பிள்ளைக்குப் பீஸ் கட்டினாள். அடுத்த குழுக் கூட்டத்துக்கு வெறுங்காதோடு வந்து, சந்தாப் பணத்தை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தீபாவளிக்கு என் சித்தி மகன் வந்தான். புனலூர்ப் பக்கம் ஃபைபர் கேபிள் வேலை பார்க்கிற பையன். வந்து மீட்டரைச் சொருகிப் பார்த்தான். மைனஸ் 29 என்று காட்டியது. "யக்கா, 27க்கு மேல போனாலே பெட்டிக்கு வெளிச்சம் பத்தாது. யாரு இதுல கை வச்சா?" என்றான். நான்தான் என்றேன். "முனையத் தொடச்சியளோ?" என்றான். முந்தானையைக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டான்.

அவன் பையில் ஒரு சின்ன மைக்ராஸ்கோப், திரையோடு இருந்தது. அந்த முனையை அதில் வைத்துக் காட்டினான். வட்டமாக நிலா மாதிரி தெரிந்தது. அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு, குறுக்கே சேலை நூலின் பஞ்சு. நான் சுத்தம் என்று நினைத்துச் செய்தது அது.

அன்றைக்கு அவன் ஒரு பழைய தலையைப் பிரித்து ஒவ்வொன்றாக விளக்கினான். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

ஃபைபர் வயருக்குள் ஓடுவது கரண்ட் இல்லை, வெளிச்சம். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அது ஓடுவது கண்ணாடி இழையில். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பேர். இழையின் மொத்தக் கனம் 125 மைக்ரான், ஏறக்குறைய நம் தலைமுடி மாதிரி. ஆனால் வெளிச்சம் ஓடுகிற பாதை அதன் நடுவில் சுமார் 9 மைக்ரான்தான். நம் வீட்டுத் தண்ணிப் பைப்பில் ஜாயிண்ட் கொஞ்சம் கோணினால் சொட்டுச் சொட்டாக ஒழுகும், மிச்சத் தண்ணி வந்துவிடும். இங்கே இரண்டு இழையின் நடுப்பாதையும் நேருக்கு நேர் பொருந்த வேண்டும். 9 மைக்ரான் தூசி ஒன்று சரியாக நடுவில் உட்கார்ந்தால் பாதையே மூடிப்போகும்.

அவ்வளவு நுணுக்கமான காரியத்தை, சொருகினால் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் தலைக்குள் எப்படி வைத்தார்கள் என்பதுதான் எனக்கு அதிசயம்.

நான் குச்சி என்று சொன்னேனே, அது பெரூல் என்கிற பீங்கான் உருளை. சிர்கோனியா என்ற கெட்டியான பீங்கான். கனம் 2.5 மில்லிமீட்டர். அதன் நடுவில் இழை நுழைகிற அளவுக்கு மட்டும் ஒரு துளை. இழையைப் பசை வைத்து அதில் நிறுத்தி, முனையைப் பட்டை தீட்டி, லேசாகக் குவிந்த மாதிரி வழவழப்பாக்கி விடுகிறார்கள். சுவர்ப் பெட்டிக்குள் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. நீளவாக்கில் ஒரு கீறல் விட்ட குழாய். இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிற உருளைகளைப் புது வளையல் கையைப் பிடிப்பது மாதிரி இறுக்கிப் பிடித்து ஒரே நேர்கோட்டில் நிறுத்துகிறது. உருளைக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். அது தள்ளிக்கொண்டே இருப்பதால் இரண்டு முனையும் இடைவெளி இல்லாமல் முட்டி நிற்கும். தலையின் ஒரு பக்கத்தில் சின்ன மேடு ஒன்று உண்டு. அது இருப்பதால் திருப்பிப் போட்டுச் சொருக முடியாது. 'டிக்' சத்தம் கேட்டால் பூட்டிவிட்டது என்று அர்த்தம். இந்த மாதிரித் தலைக்கு எஸ்.சி. கனெக்டர் என்று பேர். 1980களில் ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் உருவாக்கியது. இன்று நம் வீட்டுச் சுவர் வரைக்கும் வந்துவிட்டது.

வயருக்குள்ளே மஞ்சளாகப் பட்டு நூல் மாதிரி ஒன்று இருந்தது. கத்தரியால் வெட்டினேன், வெட்டு விழவில்லை. வயரைப் பிடித்து இழுத்தால் அந்த இழுவை கண்ணாடிக்குப் போகாமல் இந்த நூல் தாங்கிக்கொள்ளும். அதற்காக அதைத் தலையோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்க வைத்திருக்கிறார்கள். கெவ்லர் வகை நூல் அது. கெவ்லரை 1965இல் கண்டுபிடித்தது ஸ்டெபானி குவோலக் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. குண்டு துளைக்காத சட்டையும் அதில் செய்கிறார்கள். ஃபைபரை உலகத்துக்குக் காட்டினவர்களில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. 'ஃபைபர் ஆப்டிக்ஸ்' என்று 1960இல் பேர் வைத்ததே அவர்தான்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். பச்சைத் தலை, நீலத் தலை. நீலத் தலையில் முனை நேராக இருக்கும். பச்சைத் தலையில் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டியிருக்கும். முனையில் பட்டுத் திரும்புகிற கொஞ்ச வெளிச்சம் வந்த வழியே ஓடிப்போய்த் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று அந்தச் சாய்வு. தம்பி கொல்லையிலிருந்து வாழைத்தண்டுத் துண்டு இரண்டு எடுத்து வந்தான். ஒன்றை நேராக வெட்டினான், மற்றதைச் சாய்வாக வெட்டினான். "ஒட்ட வச்சுப் பாருங்க யக்கா" என்றான். ஓரம் முட்டுகிறது, நடுவில் இடைவெளி. என் வீட்டில் நடந்தது அதுதான். சுவரிலும் பச்சை, பெட்டியிலும் பச்சை, நடுவில் நான் வாங்கி வந்த நீலம். இரண்டு இடத்திலும் இடைவெளி. போதாததற்கு முந்தானைப் பிசுக்கு. தலை வெளியில் ஒரே அளவாக இருப்பதால் சொருகினால் பிடித்துக்கொள்கிறது, நமக்குத் தப்பே தெரியவில்லை.

தம்பி பச்சை வயர் மாற்றி, சுவரில் உள்ள முனையையும் பெட்டியின் முனையையும் பேனா மாதிரி இருக்கிற கிளீனரால் ஒரு அழுத்து அழுத்தித் துடைத்தான். மீட்டர் மைனஸ் 20க்கு வந்தது. அந்த மீட்டரில் 3 எண் இறங்கினால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று கணக்கு. 9 எண் என்றால் பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. வர வேண்டிய வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான் எனக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. கம்பத்திலோ மழையிலோ குற்றம் இல்லை. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்தார்கள். அவ்வளவு தூரம் வெளிச்சம் போகிறது. என் வீட்டில் மூன்று மீட்டர் வயரில் நின்றுபோனது.

பிறகு அவன் என்னையே ஒரு தலை மாட்டச் சொன்னான். வீடுகளில் உடனே மாட்டுவதற்கு ஃபாஸ்ட் கனெக்டர் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் ஏற்கெனவே தீட்டின ஒரு துண்டு இழை இருக்கும். நாம் வயரின் தோலை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, கிளீவர் என்ற கருவியில் இழையை நேராக வெட்டி, உள்ளே ஒரு பள்ளத்தின் வழியாக நுழைத்து, அந்தத் துண்டு இழையில் முட்டினதும் பூட்ட வேண்டும். முதலில் ஒடிந்தது. இரண்டாவது வெட்டு கோணல். மூன்றாவது சரியாக வந்தது. "எங்க டீமுல புதுப் பயலுவளுக்கு ஒரு நாளாகும்" என்றான் தம்பி. எனக்கு ஒன்றும் ஆச்சரியம் இல்லை. நான் கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் பீடி சுற்றினவள். தகடு வைத்து இலை வெட்டி, தலை மடக்கின விரல். நம் பக்கத்தில் எத்தனை பெண்களுக்கு அந்த விரல் இருக்கிறது! ஆப்டிகல் ஃபைபர் ஸ்ப்ளைசர், டெக்னீசியன் என்று அரசின் திறன் பயிற்சிப் பாடங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டின் ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோவதுதான் பாரத்நெட் திட்டம். கேபிள் ஊருக்கு ஊர் வந்தால் தலை மாட்ட, துடைக்க ஆள் வேண்டும். அந்தப் பயிற்சியை நம் கூட்டமைப்பு மூலமாகக் கேட்டு வாங்க வேண்டும் என்று இந்த மேடையில் கோரிக்கை வைக்கிறேன்.

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறவர்களுக்கு நாலு விஷயம். ஒன்று, அவசியமில்லாமல் தலையைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் உடனே மூடி போடுங்கள். இரண்டு, வெள்ளை முனையை விரலால் தொடாதீர்கள், ஊதாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். மூன்று, பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம். வயரை மடக்கிச் சுருட்டி ஆணியில் மாட்டாதீர்கள். நாலு, முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்காதீர்கள். அந்த வெளிச்சம் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.

கடைசியாக அந்தக் கம்மல். தப்பு மழையில் இல்லை, என் கையில் என்று தெரிந்த அன்றே அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அப்போதும் ஒன்றும் பேசவில்லை, காப்பி போட்டுக் கொடுத்தாள். அடுத்த கூட்டத்தில் நாங்கள் நாலு பேரும் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கடை வருமானத்திலிருந்து மாசாமாசம் எடுத்து அந்த அடகை நாங்களே மீட்பது என்று. இது உதவி இல்லை, கடன். சித்திரையில் மீட்டோம். இந்த வருஷம் அந்தப் பிள்ளைக்கு விண்ணப்பம் தொடங்கின முதல் நாளே எங்கள் கடையில் போட்டாச்சு. கடைசி நாள் வரைக்கும் யாரையும் காத்திருக்க விடுவதில்லை என்று இப்போது பலகை எழுதி வைத்திருக்கிறோம்.

அந்த அக்கா இன்றைக்கு மூன்றாவது வரிசையில் கம்மல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உன் பேரைச் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறாய், சொல்லவில்லை யக்கா.