சேக்கலும் மஞ்சாடியும்

ஆபிரகாம் மக்பேலா நிலத்துக்கு 400 சேக்கல் வெள்ளியை எண்ணிக் கொடுத்தானல்லன். நிறுத்துக் கொடுத்தான் என்கிறது ஆதியாகமம். எபிரேயத்தில் சேக்கல் என்பதன் வேர்ப்பொருளே நிறுத்தல். யூதாவில் அது ஏறத்தாழ 11.4 கிராம் நிறை, காசானது பிற்காலத்தில். கி.பி. 66இல் உரோமரை எதிர்த்தெழுந்த யூதர் அப்பெயரையே தம் வெள்ளிக்காசிற் பொறித்தனர்.

மன்னார்க் கரைக்கும் இவ்வழக்கம் புதிதன்று. அரிப்பு, சிலாவத்துறை முத்துச் சலாபங்களில் மஞ்சாடியும் கழஞ்சுமே நிறைகள். இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. மஞ்சாடியோ வெறும் மரவித்து! ஆயினும் நிறை இரட்டித்தால் வெள்ளியின் விலை இரட்டிக்கும். முத்தின் மதிப்பைக் குறிக்கும் ‘செவ்வு’ நான்மடங்காகும். இக்கணக்கு வணிகனுடையது. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் சிப்பியில் மூன்றிலொரு பங்கு பெற்ற குளிகாரரோ, பெரும்பாலும் அதனைத் திறவாமலே எண்ணி விற்றனர்.