ரம்பம் முதல் கிரிஞ்ச் வரை

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில், குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"இந்தப் பசங்க என்ன பேசுறாங்கன்னே புரியலை டீச்சர்." லிஃப்டிலும் வாக்கிங்கிலும் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. இதனால் தமிழ் அழிந்துவிடுமா என்றும் சிலர் கவலைப்படுகிறீர்கள். பதிலை நன்னூலிலிருந்து தொடங்குகிறேன்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய அந்த இலக்கண நூலில் 'குழூஉக்குறி' என்று ஒன்று வருகிறது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்ளும் சொல் அது. பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர்கள் ஆடையைக் 'காரை' என்பார்கள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வெளியாளுக்குப் புரியக்கூடாது என்பதற்காகவே பிறந்த சொற்கள். பிள்ளைகளின் பேச்சும் அப்படித்தான். நமக்குப் புரியவில்லை என்றால் அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள்.

நாம் மட்டும் என்ன செய்தோம்? ஒருவர் நிறுத்தாமல் பேசி உயிரை எடுத்தால் 'ரம்பம்' என்றோம், 'அறுவை' என்றோம், 'பிளேடு போடுறான்' என்றோம். எல்லாமே அறுக்கிற சமாசாரம். பிறகு வந்தவர்கள் 'கடி' என்றார்கள். அடுத்து 'மொக்கை'. மொக்கை என்றால் கூர் மழுங்கியது. நம் பிளேடே மழுங்கிவிட்டது போலிருக்கிறது! இப்போது 'கிரிஞ்ச்'. சலிப்போடு, பார்க்கிறவருக்கே கூச்சமாக இருக்கிறது என்ற பொருளும் அதில் சேர்ந்துகொண்டது.

'பூமர்' இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களைக் குறித்த சொல் அது. இங்கே வந்ததும் பிறந்த வருடக் கணக்கு போய்விட்டது. அறிவுரை சொன்னால் 25 வயது அண்ணனும் பூமர்தான். 2025இல் ஓர் ஆங்கில இணைய அகராதி ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்த 'சிக்ஸ் செவன்'னுக்குத் திட்டமான பொருளே கிடையாது. சொல்லிச் சிரிப்பதுதான் விளையாட்டு.

ஆனால் எல்லாவற்றையும் விளையாட்டு என்று விட்டுவிட முடியாது. பெண் பிள்ளைகள் ஒருவரையொருவர் 'டா' போடுவதும், அம்மாவையே 'ப்ரோ' என்பதும் நெருக்கத்தால் வருவது. அதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவரின் நிறத்தை, உடம்பை, சாதியை வைத்துப் பட்டப்பெயர் வைப்பது வேறு. பெண்களிடம் மரியாதையாகப் பழகும் பையனை 'சிம்ப்' என்று கேலி செய்வதும் வேறு. அவை காதில் விழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நம் காலத்து 'ஃபிகர்', 'சைட்டு' ஆகியவற்றையும் அந்தக் கணக்கிலேயே வையுங்கள். பிள்ளைகள் அவற்றை கிரிஞ்ச் என்றால் அது நியாயம்தான்.

எல்லாச் சொல்லுக்கும் திட்டினால், உண்மையிலேயே திட்ட வேண்டிய சொல் வரும்போது நம் பேச்சு எடுபடாது. அதைவிடப் பெரிய நஷ்டம், பிள்ளை நம் எதிரில் பேசுவதையே நிறுத்திவிடும். பள்ளியில் யாரோ மிரட்டுகிறார்கள் என்றாலும், ஆன்லைனில் யாரோ தொந்தரவு தருகிறார்கள் என்றாலும், அதையும் அந்தப் பாஷையில்தான் சொல்ல வரும். முதல் சொல்லிலேயே நாம் முகம் சுளித்தால் மீதி வெளியே வராது.

அதனால் சாப்பிடும்போது, "அப்படின்னா என்னப்பா?" என்று கேளுங்கள். பெருமையாகவே விளக்குவார்கள். தெரிந்துகொண்ட பிறகு நாமும் அப்படிப் பேசிப் பார்க்க வேண்டாம். தாத்தா வாயில் வந்த அன்றே அந்தச் சொல் செத்துவிடும்.

பிள்ளைகளே, நீங்களும் தாத்தா பாட்டியிடம் அவர்கள் காலேஜ் நாளில் பேசிய சொற்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பிறக்கும்போதே பூமராகப் பிறக்கவில்லை.

இதற்கு மேல் பேசினால் ரம்பம் ஆகிவிடும்.