"அம்மா, குத்திக்கொள்ளட்டுமா?"

(பொன்விழாவையொட்டி நம் பங்கின் அன்னையர் மன்றக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பிள்ளை வளர்ப்பைப் பற்றி இரண்டொரு வார்த்தை பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பெரிய விஷயங்களைப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் மருத்துவமனையில் வேலை பார்த்தவள் நான். ஆகவே எனக்குத் தெரிந்த சின்ன விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை வந்து, "அம்மா, காதில் மேலே ஒன்று குத்திக்கொள்ளட்டுமா?" என்று கேட்கிறது. சில வீடுகளில் மூக்கு. சில வீடுகளில் புருவம், தொப்புள், நாக்கு என்றுகூடக் கேட்கிறார்கள். பையன்களும் கேட்கிறார்கள். நாம் என்ன பதில் சொல்வது?

என் தங்கை மகள் முதலில் என்னிடம்தான் கேட்டாள். "இருக்கிற ஓட்டை போதாதா? போய்ப் படி" என்றேன். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து ஞாயிறு பூசைக்கு வந்தவள், தலைமுடியை ஒரு பக்கமாக இழுத்து விட்டிருந்தாள். சந்தேகப்பட்டு முடியை விலக்கிப் பார்த்தேன். காதின் மேல்பாதி சிவந்து, பளபளவென்று வீங்கி, நெருப்பாகச் சுட்டது. தோழிகளோடு ஒரு கடைக்குப் போய்க் குத்திக்கொண்டு வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. திட்டுவோம் என்று பயந்து வலியை மறைத்திருக்கிறாள். அன்றே மருத்துவமனையில் சேர்த்தோம். கீறிச் சீழ் எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் காதின் மேல் விளிம்பு சுருங்கி மடிந்தது மடிந்ததுதான். "சொல்லுங்க பெரியம்மா, மத்த பிள்ளைகளுக்காவது உதவட்டும்" என்று அவளே சொன்னதால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

சொல்லாமல் குத்திக்கொண்டது அவள் தவறு. ஐந்து நாள் அதை மறைக்க வைத்தது என் தவறு. எல்லாம் தெரிந்த நான், தெரிந்ததைச் சொல்லாமல் அதட்டி அனுப்பினேன்.

"இதெல்லாம் நம் பழக்கமா?" என்று சிலர் கேட்பார்கள். நம் பாட்டிமாரை நினைத்துப் பாருங்கள். கீழே பாம்படமும் தண்டட்டியும் தொங்கின. மேல்காதில் கொப்பும் முருகும் இருந்தன. மூக்கில் மூக்குத்தியும் புல்லாக்கும் இருந்தன. வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டையடித்துக் காது குத்தி வந்த குடும்பங்கள் இங்கே எத்தனை! ஆதியாகமம் 24-ம் அதிகாரத்தில், ஆபிரகாமின் ஊழியன் ரெபேக்காளுக்கு மூக்கணி அணிவித்ததாகப் படிக்கிறோம். ஆகவே "இது கெட்ட பிள்ளைகள் செய்வது" என்ற பேச்சு நிற்காது. பிள்ளையிடம் உண்மையான காரணத்தைத்தான் சொல்ல வேண்டும். அதற்கு நான்கு கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: எந்த இடத்தில்? காதின் கீழே மெத்தென்று இருக்கும் சோணையில் நல்ல இரத்த ஓட்டம் உண்டு. அங்கே குத்தினால் 6 முதல் 8 வாரத்தில் ஆறும். மேல்காது அப்படியல்ல, அது குருத்தெலும்பு. அதற்குச் சொந்தமாக இரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம் வருகிறது. அங்கே சீழ் பிடித்தால் சவ்வு பிரிந்து, குருத்தெலும்பு பட்டினி கிடந்து கரைகிறது. சூடோமோனாஸ் என்ற கிருமி அங்கே அடிக்கடி வரும். வழக்கமான மாத்திரைகள் பலவற்றுக்கு அது கட்டுப்படாது. எல்லாம் நன்றாக நடந்தாலும் மேல்காது ஆறப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூட ஆகும். தொப்புளுக்கும் அப்படியே. நாக்கில் குத்தினால் முதல் சில நாள் வீங்கும். பின்னால் அந்த உலோகம் உரசிப் பல் உடைவதும் ஈறு தேய்வதும் உண்டு.

இரண்டாம் கேள்வி: யார், எதைக் கொண்டு குத்துகிறார்கள்? "கன் ஷாட்" என்கிறார்களே, அந்தக் கருவிகள் பலவற்றின் உடல் பிளாஸ்டிக். ஆஸ்பத்திரியில் ஆயுதங்களை 121 டிகிரி நீராவியில், அழுத்தத்தில் வைத்துச் சுத்தம் செய்கிறோம்; அந்தச் சூட்டைப் பிளாஸ்டிக் தாங்காது. ஸ்பிரிட்டால் துடைத்தால் போதாது. மேலும் அது மொட்டைக் கம்பியை அடித்து இறக்குவதால் குருத்தெலும்பு நசுங்கும். கண் முன்னே உறை பிரித்த புது ஊசியும், கை கழுவிப் புதுக் கையுறை போட்டவரும் வேண்டும். ஆசாரியிடம் போனாலும் இதையே கேளுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஒருவருக்குக் குத்திய ஊசியால் மற்றவருக்குக் குத்தினால் ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை பரவக்கூடும். முதலில் போடும் நகை நல்ல தங்கமாகவோ டைட்டானியமாகவோ இருக்கட்டும். மலிவு நகையிலுள்ள நிக்கல் பலருக்கு அரிப்பையும் கொப்புளத்தையும் தரும்.

மூன்றாம் கேள்வி: பிள்ளையின் உடம்பு எப்படி? பிறவியிலேயே இருதயக் கோளாறு, சர்க்கரை நோய், இரத்தம் உறையாத நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் குத்தவே கூடாது. குடும்பத்தில் யாருக்காவது தழும்பு தடித்து வளரும் 'கீலாய்டு' உண்டா என்று பாருங்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஹெப்படைட்டிஸ் பி ஊசி 2011-ல்தான் நாடு முழுவதற்குமான அரசுத் திட்டத்தில் வந்தது. அதற்கு முன் பிறந்த பிள்ளை விடுபட்டிருக்கலாம். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா?

நான்காம் கேள்வி: ஆறும்வரை யார் பார்த்துக்கொள்வது? கையைக் கழுவாமல் தொடக்கூடாது. தினமும் இருமுறை மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் நீரால் துடைத்தால் போதும். மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதுவும் வேண்டாம். குளத்திலும் ஆற்றிலும் முழுகக் கூடாது. சிவப்பு பரவினால், வீக்கம் கூடினால், காய்ச்சல் வந்தால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நகையை நீங்களாகக் கழற்றினால் துளை மூடிச் சீழ் உள்ளேயே தங்கிவிடும்.

என் முடிவு என்ன என்று கேட்பீர்கள். சோணையில் இன்னொரு துளையா? இந்த நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தால் சரி என்பேன். மூக்கும் மேல்காதும் என்றால், பள்ளி விதியைக் கேட்டு, பரீட்சை முடியும்வரை பொறுத்து, மருத்துவரிடமே குத்திக்கொள்ளட்டும். தொப்புளும் நாக்கும் பள்ளிப் பருவத்தில் வேண்டாம். "ஏன் வேண்டாம்" என்பதையும் உட்கார வைத்துச் சொல்வேன்.

சென்ற ஆண்டு அந்தப் பெண்ணின் தங்கை என்னிடம் வந்தாள். இந்தத் தடவை நான் அதட்டவில்லை. அவளோடு உட்கார்ந்து இந்த நான்கையும் பேசினேன். அக்காவின் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மேலே வேண்டாம் பெரியம்மா, கீழேயே போதும்" என்றாள். முழுப் பரீட்சை விடுமுறையில் ஒரு மருத்துவரிடம் குத்திக்கொண்டோம். இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது.

அன்புத் தாய்மார்களே! சரி என்றாலும், வேண்டாம் என்றாலும், பிள்ளைக்கு ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள்: "எனக்குத் தெரியாமல் செய்திருந்தாலும், வலித்தால் முதலில் என்னிடம் வா. மருத்துவரைப் பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு." இந்த வாக்கை நான் முன்பே கொடுத்திருந்தால், என் பிள்ளையின் காது இன்று முழுசாக இருந்திருக்கும்.