பாசறைப் பண்பு

(பழவங்காடியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

பழவங்காடியில் கூடும் அவையில் முதல் வணக்கம் எவர்க்கு உரியது என்று சொல்ல வேண்டுவதில்லை. தேர்வெழுதச் செல்லும் மாணவனும், கடை திறக்கச் செல்லும் வணிகனும் பிள்ளையார்க்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டே மேல்நடக்கின்றனர். ஆயின் அப்பிள்ளையார் படைவீரர் வழிபட்ட பிள்ளையார் என்பதை நம்முள் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? பத்மநாபபுரத்துக் கோட்டையைக் காத்து நின்ற நாயர் படையினரின் வழிபடு தெய்வம் அது. 1795 ஆம் ஆண்டில் திருவிதாங்கூரின் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறிற்று. படையினரும் ஈண்டுக் குடிபெயர்ந்தனர். தம் தெய்வத்தையும் உடன் கொணர்ந்தனர். இன்றும் அக்கோயில் இந்திய இராணுவத்தின் பொறுப்பில் உள்ளது. அன்று காவல் புரிந்தவர் மறைந்தனர். அவர் ஏற்றிய விளக்கு மறையவில்லை.

இங்கிருந்து சிறிது நடந்தால் பத்மநாப சுவாமி கோயிலின் கீழைவாயில். பங்குனித் திருவிழாக் காலத்தில் அங்கே பாண்டவர் ஐவரின் பேருருவங்கள் நிற்கும். அவற்றின் முன்னே, தலைப்பாகை அணிந்து, வண்ணக் கேடயமும் பிரம்பும் ஏந்தி, பழைய படைவீரர் கோலத்தில் இளைஞர் அணிவகுத்து ஆடுவர். வேலகளி என்பது அதன் பெயர். குருட்சேத்திரப் போர் ஒரு மாலைப்பொழுதில் நம் கண்முன் நிகழ்ந்து முடிகின்றது. இவ்வாறு பழைய காலத்தின் கோலம் பூண்டு, பழைய போரை விளையாட்டாக நடத்தி, அதன் பொருட்டு ஒன்றாகக் கூடித் தங்கி உறவாடும் வழக்கமே இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருளை எடுத்தற்கு ஒரு காரணம் உண்டு. இவ்விழாவிற்கெனச் சிறுவர் நாடகம் ஒன்று எழுதப் புகுந்தபோது, காந்தளூர்ச் சாலையைக் கதைக்களமாகக் கொள்வோம் என்றோம். 985 இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் முன்னிற்கும் வெற்றி காந்தளூர்ச் சாலை பற்றியது. அவ்வூர் நமக்கு அருகே உள்ள வலியசாலைப் பகுதியே என்பர் பலர். வேறிடம் கூறுவாரும் உளர். கதையைக் கேட்டதும் சிறுவர் அனைவரும் இராசராசனாகவே நடிக்க விரும்பினர். சாலையின் மாணாக்கனாக நடிக்க ஒருவனும் முன்வரவில்லை.

ஒரு சிறுவன் மட்டும் நாடகமே வேண்டா என்று ஒதுங்கினான். அவனைத் தனியே அழைத்துக் கேட்டோம். “பள்ளிக்கூடத்தில் என்னைப் பாண்டி என்று கூப்பிடுகிறார்கள், மாமா. மேடையில் முடி சூடிக்கொண்டு நின்றால் இன்னும் சிரிப்பார்கள்” என்றான். அருகில் நின்ற மற்றொருவனோ, “அதற்காகத்தான் நான் நடிக்கிறேன். நாம் வென்றதை அவர்களுக்குக் காட்ட வேண்டும்” என்றான்.

அன்பர்களே! பாண்டி என்பது முடியுடை மூவேந்தருள் ஒருவர் குடிப்பெயர். அது வசைச்சொல்லாகி ஒரு சிறுவனின் நாவை அடைக்கின்றது. ஆயிரம் ஆண்டிற்கு முந்திய போரோ மற்றொரு சிறுவனின் கையில் கல்லாகின்றது. இவ்விரண்டில் எது கொடிது என்று எமக்கு விளங்கவில்லை. நாடக ஏட்டை மூடி வைத்தோம்.

அந்நாளில்தான் ஓச்சிறைக்குச் செல்லும் வாய்ப்பு நேர்ந்தது. ஓச்சிறை இங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கொல்லம் மாவட்டத்தின் வட எல்லையில் உள்ளது. அங்குப் பரப்பிரம்மத்திற்குக் கோயில் என்று சொல்வர். ஆயின் கருவறை இல்லை, திருவுருவம் இல்லை. மரநிழலும் மணலுமே கோயில். சாதி சமய வேறுபாடின்றி எவரும் செல்லலாம். அவ்வெளிக்குப் படநிலம் என்று பெயர். நம் வழக்கில் படைநிலம். காயங்குளத்து அரசர் அண்டை அரசரோடு பொருத நிலம் அது என்பது வழிவழிச் செய்தி. 1746 இல் மார்த்தாண்ட வர்மர் காயங்குளத்தைத் திருவிதாங்கூரோடு இணைத்துக்கொண்டபின் அவ்வரசும் இல்லை, அப்போரும் இல்லை. ஆயினும் போர் நிலத்தை மக்கள் மறக்கவில்லை.

ஆண்டுதோறும் மிதுன மாதத்தின் முதல் இரு நாள்களில், ஓணாட்டுக்கரை ஊர்களிலிருந்து குழுக்கள் தத்தம் ஆசான்மாருடன் வந்து கூடும். கிழக்குக் கரையார், மேற்குக் கரையார் என இரு படையாக நிற்பர். எட்டுக்கண்டம் எனப்படும் வயலில் மழைநீர் தேங்கி நிற்கும். இரு பக்கத்துத் தலைவரும் வயலின் நடுவே வந்து கைகோத்து வாழ்த்திய பின்னரே களி தொடங்கும். பிறகு தடியும் கேடயமும் மோதும்; சேறும் நீரும் ஆளுயரம் தெறிக்கும்; கரையில் நிற்போர் ஆர்ப்பரிப்பர். நரைத்த தலையரும் பள்ளிச் சிறாரும் ஒரே சேற்றில் நிற்பர். எவர் எப்பக்கம் என்பது சற்று நேரத்தில் தெரியாமற் போகும். சேறு அனைவர்க்கும் ஒரே நிறத்தைப் பூசிவிடும். களி முடிந்ததும் அனைவரும் குளித்து ஒன்றாகவே வீடு திரும்பினர். நாடகம் எழுதும் எமக்கு அது முதற் பாடம்: பகை தொடங்குமுன் கைகோத்தவர்க்கே பகையை விளையாட்டாக முடிக்க இயலும்.

இரண்டாம் பாடம் விருச்சிகத்தில் கிடைத்தது. விருச்சிக மாதத்தின் முதல் பன்னிரு நாளும் அங்குப் பன்னிரண்டு விளக்குத் திருவிழா. அப்போது குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து படநிலத்திலேயே குடில் அமைத்துத் தங்குவர். பஜனம் பார்த்தல் என்பது அதன் பெயர். பொருத படைகளின் பாசறை இருந்த மண்ணில் அடுப்பும் தொட்டிலும் இடம்பெறுகின்றன! சங்கத்துக் குடும்பங்கள் சிலவும் சிறுவரும் சேர்ந்து, யாமும் ஒரு குடிலில் மூன்று நாள் தங்கினோம்.

குடில் வாழ்க்கைக்குக் கதவில்லை. ஒரு குடிலின் கஞ்சி கொதிக்கும் ஒலி அடுத்த குடிலில் கேட்கும். அடுத்த குடிலில் ஒரு மூதாட்டியும் அவர் பேரனும் இருந்தனர். முதல் நாள் யாம் தேங்காய் துருவ வழியின்றித் திகைத்தபோது, கேளாமலே தம் சிரவையை நீட்டினார் அவ்வம்மையார். எம் வீட்டுப் பெண்கள் புளியோதரை கொடுத்தனர். அங்கிருந்து கஞ்சியும் புழுக்கும் வந்தன. மாலையில் விளக்கேற்றிய பின், அவர் மலையாளத்திலும் யாம் தமிழிலுமாகப் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டிலும் எவர்க்கும் பாதிக்குமேல் பொருள் தடைப்படவில்லை.

சிறுவர் வாளா இருப்பரோ? மிதுனக் களியைத் தென்னை மட்டை கொண்டு நடத்தத் தொடங்கினர். இரண்டாம் நாள் மாலையில் அம்மூதாட்டியின் பேரன், எம்முடன் வந்திருந்த அச்சிறுவனை நோக்கி, “எடா பாண்டி, இங்கு வா!” என்று கூவினான். அதில் வெறுப்பில்லை, கேட்டுப் பழகிய சொல்லைக் கூறினான், அவ்வளவே. எம் சிறுவன் மட்டையைக் கீழே வைத்தான். யாம் எழுந்து செல்வதற்குள், தானே அவனருகில் சென்று, “மட்டையால் அடித்தது வலிக்கவில்லை. அந்தப் பேர் வலிக்கிறது” என்றான்.

மற்றவன் ஒன்றும் மறுக்கவில்லை. “விளையாட்டுக்குச் சொன்னேன்” என்றும் கூறவில்லை. “பின்னே உன் பேர் என்ன?” என்றான். இரண்டு நாள் ஒன்றாக விளையாடியும் பெயர் கேட்காதிருந்தது அப்போதுதான் இருவர்க்கும் நினைவு வந்தது போலும்! பெயர் சொன்னான், ஆட்டம் தொடர்ந்தது. அன்றிரவு எம் குடிலில் உறக்கம் இல்லை. நம் வீடுகளில் அண்டை வீட்டாரைக் குறித்து யாம் வழங்கும் சொற்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். அவையும் எவர்க்கோ வலிப்பனவே அல்லவோ?

இத்தகைய கூட்டங்கள் நம் நாட்டிற்கே உரியன அல்ல. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1966 ஆம் ஆண்டு மே மாதத்தில் நண்பர் சிலர் வீட்டுப் புறக்கடையில் இடைக்கால வீரர் கோலத்தில் கூடினர். அதுவே ‘சொசைட்டி பார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்’ என்னும் பெருங்கழகமாக வளர்ந்தது. 1972 முதல் அவர்கள் நடத்திவரும் ‘பென்சிக் போர்’ என்னும் கூட்டத்திற்குப் பென்சில்வேனியாவில் ஏறத்தாழ 10,000 பேர் கூடாரமிட்டுத் தங்குகின்றனர். தோற்ற பக்கத்தார்க்கே பிட்ஸ்பர்க் நகரம் என்பது அவர்கள் சொல்லிச் சிரிக்கும் பரிசு. அவர்களும் நம் வேலகளியாரைப்போலப் பிரம்பையே ஏந்துகின்றனர். ஆங்கு ஒரு விதி உண்டு. அடி பட்டதா இல்லையா என்பதை நடுவர் கூறுவதில்லை. பட்டவனே “பட்டது” என்று கூற வேண்டும். அடித்தவன் அவன் சொல்லை ஏற்க வேண்டும்.

மற்றொரு விதியும் உண்டு. அங்கு வருவோர் வரலாற்றில் புகழ்பெற்ற வேந்தனாகவோ வீரனாகவோ தம்மைக் கூறிக்கொள்ளலாகாது. அக்காலத்தில் வாழ்ந்திருக்கக்கூடிய ஒருவரைத் தாமே கற்பித்து, அவர்க்குரிய பெயரும் உடையும் தொழிலும் தேடிக் கொள்ள வேண்டும். சிலர் பழைய சப்பானியர் கோலத்தை மேற்கொள்கின்றனர். அக்கால உடையைத் தாமே தைத்துக் கற்கின்றனர். தம் கூடாரத்தில் விருந்தினர்க்குத் தேநீர் அளிக்கும் முறையைப் பயில்கின்றனர். கற்று அணிந்தால் பிறர் கோலம் பெருமை. கல்லாது அணிந்தால் அது கேலி.

அத்தேநீர் முறையில் ஒரு நயம் உண்டு. 1591 இல் மறைந்த சென் நோ ரிக்யூ என்னும் பெரியார் அதனைச் செம்மைப்படுத்தியவர். அவர் வகுத்த நெறியில் அமைந்த தேநீர்க் குடிலின் வாயில் மிகச் சிறிது. எத்துணைப் பெரிய வீரனும் வாளை வெளியே வைத்துவிட்டு, உடல் குனிந்தே உள்ளே புகவேண்டும். ஓச்சிறைக் குடிலில் குனிந்து நுழைந்தபோது யாம் அதனையே எண்ணினோம்.

சப்பானிலேயே புக்குசிமா வட்டாரத்தில் சோமா நோமாவோய் என்னும் பழந்திருவிழா நடைபெறுகின்றது. முன்னோரின் கவசம் பூண்ட குதிரை வீரர் அணிவகுத்துச் செல்வர். 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் கடற்பேரலையும் அணு உலை விபத்தும் அவ்வட்டாரத்தைத் தாக்கின. பலர் ஊரை விட்டு வெளியேறினர். அவ்வாண்டிலும் விழா முற்றும் நிற்கவில்லை. சுருங்கிய அளவில் நடந்தது. ஊரிழந்தோர்க்கு அக்கவசம் வெறும் வேடமா? “இம்மண்ணுக்கு யாம் உரியோம்” என்னும் உறுதிமொழி அன்றோ? ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது விளங்காததன்று.

நம் முன்னோரும் பாசறையைப் போர்க்களமாக மட்டும் பார்க்கவில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. அதில் வரும் பாசறையில் யானைக்கு வடமொழியில் கட்டளையிடும் பாகர் உளர், யவனர் உளர், நாவால் பேசாது மெய்க்குறிப்பால் உணர்த்தும் மிலேச்சர் உளர். பல மொழியார் ஒரு கூரையின்கீழ் இருந்த இடம் அது. நெடுநல்வாடையின் வேந்தனோ, நள்ளிரவில், தூறலில், உறங்காது வெளிவந்து, புண்பட்ட வீரரைத் தேற்றித் திரிகின்றான். புண்பட்டவனை நோக்கிச் செல்லுதலே பாசறைத் தலைவனின் பண்பு என்று நக்கீரனார் காட்டினார்.

காந்தளூர்ச் சாலையும் இதற்குச் சான்று தரும். 866 ஆம் ஆண்டில் ஆய் வேந்தன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணாக்கர்க்கு ஒரு சாலை நிறுவினான். அதற்குக் காந்தளூரின் ஒழுங்கையே முறையாகக் கொண்டான். சாலையில் பிறரை வைதவர்க்கும் அடித்தவர்க்கும் தண்டம் உண்டு. படைக்கலத்தோடு அவைக்கு வருதல் ஆகாது என்று அச்செப்பேடு விதிக்கின்றது. நாம் வெற்றியை மட்டும் நினைத்தோம். அவ்விடத்தின் விதியை மறந்தோம்! ஒரு சொல்லும் புண்படுத்தும் என்பதை அறிந்து அதற்குத் தண்டம் வகுத்த பள்ளி அது.

அன்பர்களே! மூடிய நாடக ஏட்டை மீண்டும் திறந்தோம். இன்று மாலை இம்மேடையில் நீங்கள் காணப்போகும் நாடகத்தில் இராசராசன் வரமாட்டான். ஒவ்வொரு சிறுவரும் அக்காலத்தில் வாழ்ந்திருக்கக்கூடிய ஒருவரைத் தாமே கற்பித்துக்கொண்டுள்ளனர். ஒருவன் சாலையின் சமையற்காரன், ஒருத்தி பூந்தோட்டக்காரி, ஒருவன் ஓடக்காரன். தஞ்சையிலிருந்து வந்து காய்ச்சலில் விழுந்த சோழப் படைவீரனாக நடிப்பவன், ஓச்சிறைக் குடிலில் எம் அண்டையனாக இருந்த அம்மலையாளச் சிறுவன். ஒரு திங்களாகத் தமிழ் உரையாடலை மனப்பாடம் செய்து, தன் அம்மூம்மையுடன் இன்று காலை இரயிலில் வந்துள்ளான். அவனுக்குக் கஞ்சி கொடுக்கும் சாலை மாணாக்கனாக நடிப்பவன், நடிக்கவே மாட்டேன் என்று ஒதுங்கிய நம் சிறுவன். “வென்றதைக் காட்ட வேண்டும்” என்ற மற்றவனோ மருத்துவன்; அவ்வேடத்தை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

இதனால் பள்ளியில் அச்சொல் நாளையே ஒழிந்துவிடும் என்று யாம் கூறவில்லை. அது மீண்டும் ஒலிக்கும். ஆயின் “எனக்குப் பட்டது” என்று தலைநிமிர்ந்து கூற நம் பிள்ளைகள் கற்க வேண்டும். பிறர் அவ்வாறு நம்மிடம் கூறும்போது மறுக்காது ஏற்க நாம் கற்க வேண்டும். ஆண்டிற்கொரு நாள் அணிந்து களையும் கோலமாகத் தமிழ் நின்றுவிடலாகாது. குனிந்து நுழைவோர்க்கெல்லாம் இடம் கொடுக்கும் குடிலாக நம் சங்கம் விளங்க வேண்டும்.

வரும் விருச்சிகத்தில் ஓச்சிறையில் மீண்டும் குடில் அமைக்கின்றோம். வர விரும்புவோர் செயலாளரிடம் பெயர் தருக. இம்முறை சிரவையை மறவாது கொண்டு செல்வோம். அடுத்த குடிலார்க்கு அது தேவைப்படலாம்.

வாழ்க தமிழ்! வளர்க அண்டையார் நட்பு!